மாந்தர் முதல் தாயகமும் மேற்கு மலையடிவாரமும்

முன்னுரை

இராசபாளையத்தினின்று திருவில்லிபுத்தூருக்குச் செல்லும் பெருவழியில் நின்று மேற்றிசை நோக்குவார்க்கு மலைத்தொடர் ஒன்று வானத்தை மறைத்து நிற்கும். அதன் சாரலில் பளியர் வாழ்கின்றனர். அடிவாரத்தில், பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய திருவில்லிபுத்தூர் தன் கோபுரத்தோடு விளங்குகின்றது. அதற்குத் தெற்கே, பஞ்சாலைகளால் பெயர்பெற்ற இராசபாளையத்தில், இல்லத்தில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் இராசுக்கள் வாழ்கின்றனர். ஒரே மலையின் நீரை உண்டு வாழும் இம்மக்களுள் இம்மண்ணுக்கு உரியவர் யாவர், வந்தவர் யாவர் என்னும் வினா, திண்ணைப் பேச்சிலும் மேடைப் பேச்சிலும் அடிக்கடி எழுகின்றது.

தமிழ்த்துறையில் பயிலும் நமக்கும் இவ்வினா புதியதன்று. மாந்தர் முதலிற் றோன்றிய இடம் யாது, ஆண்டிருந்து இம்மலையடிவாரத்தை அவர் எய்தியது எவ்வாறு என்பன குறித்து நம்மவர் பலர் எழுதியுள்ளனர். அவற்றுட் சில சான்றின்பாற் பட்டன. சில விருப்பத்தின்பாற் பட்டன. இரண்டையும் பிரித்தறிதல் இன்று இன்றியமையாததாகின்றது. ஏனெனில், முன் வந்தவர்க்கே உரிமை மிகுதி என்னும் எண்ணம் இக்காலத்து அரசியலிலும் சமூகத்திலும் வேரூன்றி வருகின்றது. ஆகலின், இதுகாறும் கிடைத்துள்ள சான்றுகள் எவை, ஒவ்வொன்றும் எத்துணை ஆழம் வரை எட்டும் என்பதனை இக்கட்டுரையில் முறைப்படக் காண்போம்.

1. நான்கு அளவுகோல்கள்

கிணற்றின் ஆழத்தை அளக்கக் குறுங்கோலை விட்டுப் பார்த்தவன், கோல் நனையாமை கண்டு கிணற்றில் நீரே இல்லை என்று கூறுதல் தகாது. பழமையை ஆராய்வார்க்கும் இது பொருந்தும். நம் கையில் நான்கு அளவுகோல்கள் உள்ளன. எழுத்துச் சான்று ஒன்று. மொழிச் சான்று ஒன்று. மண்ணினின்று எடுக்கப்படும் கற்கருவியும் எலும்பும் ஒன்று. மக்கள் உடலில் அமைந்த மரபணு ஒன்று. இவற்றின் நீளம் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடும். ஒன்றால் அளக்கவேண்டியதனை மற்றொன்றால் அளக்கப் புகுந்தமையே இத்துறையில் நேர்ந்த பிழைகளுக்கெல்லாம் காரணம் என்பது எம் கருத்து.

2. எழுத்தும் நினைவும்

தமிழகத்துக் குகைக் கல்வெட்டுகளும் சங்கச் செய்யுட்களும் ஏறத்தாழ 2,000 ஆண்டுகட்கும் அதற்குச் சிறிது மேலும் நம்மை அழைத்துச் செல்லும். மக்கள் நினைவில் தங்கிய வரலாறோ அதனினும் குறுகியது. இராசபாளையத்து இராசுக்கள் தம் முன்னோர் ஆந்திர நாட்டினின்று விசயநகர ஆட்சிக் காலத்தை ஒட்டித் தெற்கே வந்தவர் என்று கூறுவர். அவர்தம் இல்லமொழி அக்கூற்றிற்குத் துணை நிற்கின்றது. அக்குடியிற் பிறந்த பூ. ச. குமாரசாமி இராசா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கினார். வந்தேறியவர் என்று ஒருவரும் அவரை ஒதுக்கவில்லை. சில நூற்றாண்டுக்கு முற்பட்ட இவ்வருகையை மொழியும் மரபுரையும் சேர்ந்து நன்கு காட்டுகின்றன. இதுவே நினைவு என்னும் அளவுகோலின் இயல்பான எல்லை.

இவ்வெல்லையைக் கடந்து நினைவை நீட்டியதால் விளைந்ததே குமரிக்கண்டத்தை மாந்தர் தாயகமாகக் கொள்ளும் கொள்கை. இறையனார் களவியலுரை பாண்டியர் நாட்டில் ஒரு பகுதி கடல்கொள்ளப்பட்டதைக் கூறுகின்றது. சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் அங்ஙனம் மறைந்த நிலத்தில் 49 நாடுகள் இருந்தன என்பர். இவ்வுரைகள் எங்கும் மாந்தரினம் முதன்முதல் ஆண்டுத் தோன்றிற்று என்னும் செய்தி இல்லை. அது பிறிதோரிடத்திலிருந்து வந்தது.

மடகாசுக்கர்த் தீவிலும் இந்தியாவிலும் காணப்பட்ட சில விலங்குகளின் ஒப்புமைக்குக் காரணம் தேடிய பிலிப்பு இசுகிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார், 1864ஆம் ஆண்டில், இவ்விரு நிலங்களையும் இணைத்த ஒரு பெருநிலம் இந்துமாக்கடலில் இருந்திருத்தல் வேண்டும் என்று கருதி, அதற்கு இலெமூரியா என்று பெயரிட்டார். செருமானிய அறிஞர் எர்ணசுட்டு எக்கல் அந்நிலமே மாந்தரினத்தின் தொட்டிலாகலாம் என்றார். நம் அறிஞர் சிலர் இவ்விலெமூரியாவையும் உரையாசிரியர் கூறிய கடல்கொண்ட நாட்டையும் ஒன்றெனக் கொண்டனர். இங்ஙனம் 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கருதுகோள் ஒன்று நம் பழைய உரைகளுக்குள் புகுந்து அவற்றின் பொருளேபோல் நின்றுவிட்டது.

கண்டங்கள் இடம்பெயர்வன என்று ஆல்பிரட்டு வேகனர் 1912இல் உரைத்த கொள்கை, 1960களில் கடலடி ஆராய்ச்சியால் உறுதிபெற்றது. இந்தியாவும் மடகாசுக்கரும் ஒருகாலத்து ஒட்டியிருந்து பிரிந்தன என்பதும், அப்பிரிவு மாந்தர் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன்னரே நிகழ்ந்தது என்பதும் அதனால் விளங்கின. மூழ்கிய பெருநிலம் ஒன்றைக் கற்பித்துக்கொள்ள வேண்டிய தேவையே அற்றுப்போயிற்று. தேவநேயப் பாவாணர் போன்ற பேரறிஞர் குமரிநாட்டைத் தமிழர் தாயகமாகவும் மாந்தர் தாயகமாகவும் கொண்டனர். அவர்தம் சொல்லாராய்ச்சியின் பெருமையைப் போற்றும் நாம், இக்கொள்கையை மட்டும் ஏற்றுக்கொள்ளுதற்கு இல்லை. கடல்கோள் பற்றிய செய்தியில் உண்மையின் கூறு உண்டா என்பதனைப் பின்னர் ஆராய்வோம்.

3. மொழி எட்டும் எல்லை

மொழியாராய்ச்சி நம் துறைக்கே உரியது. ஆகலின் அதன் வலிமையையும் எல்லையையும் நாமே முதலில் ஒப்புக்கொள்ளுதல் முறை. திராவிட மொழிகளின் சொற்களை ஒப்பிட்டு 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, அவற்றின் பொதுத்தாய் ஏறத்தாழ 4,500 ஆண்டுகட்கு முன் கிளைக்கத் தொடங்கியது என்று கணித்தது. இக்கணக்கு முன்பின் ஆகலாம். ஆயினும், சொற்கள் காலந்தோறும் தேய்ந்தும் மாறியும் வருதலின், பத்தாயிரம் ஆண்டுக்கு அப்பால் மொழிகளின் உறவை உறுதியாக நிறுவுதல் அரிது என்பது மொழிநூலார் பலர்க்கும் உடன்பாடு. மாந்தர் இந்நிலத்தை எய்தியதோ அதனினும் பன்மடங்கு பழமையானது. ஆகவே, முதல் மாந்தர் பேசிய மொழி இன்ன மொழி என்று கூறுவார் எவராயினும், அவர் மொழிச்சான்று எட்டாத இடத்தில் நின்று கூறுகின்றார் என்க.

சொற்பொருள் காரணங் கொண்டு பழமை நாட்டுதலும் இத்தகையதே. பளியர் என்னும் பெயர் பழையர் என்பதன் திரிபு என்றும், ஆதலின் அவரே இம்மண்ணின் முதற்குடி என்றும் கூறுவர் சிலர். அச்சொல்லாராய்ச்சி சரியே எனக் கொண்டாலும், அப்பெயரை இட்டவர் அண்டை வாழ்ந்தவர் அவரைப் பழையராக எண்ணினர் என்பது மட்டுமே அதனாற் பெறப்படும். எண்ணம் சான்றாகாது. மேலும், பளியர் பேசுவது தமிழோடு நெருங்கிய ஒரு திராவிடப் பேச்சு. மலையும் சமவெளியும் நெடுங்காலம் கலந்து பழகின என்பதனையே அது காட்டுகின்றது.

4. கல் கூறும் செய்தி

மூன்றாம் அளவுகோல் மிக நீண்டது. 1863ஆம் ஆண்டு மே திங்கள் 30ஆம் நாள் இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் நிலவியலார் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டிலேயே அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகள் பலவற்றைக் கண்டனர். சாந்தி பப்புவும் அவருடன் பணிபுரிந்தோரும் அவ்விடத்தை முறையாக அகழ்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு, அக்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையின என்பதாம்.

இக்காலக் கணிப்பின் முறையை அறிதல் நலம். நிலத்தின் மேற்பரப்பில் கிடக்கும் படிகக் கல்லின்மீது விண்ணினின்று வரும் கதிர்கள் ஓயாது படுகின்றன. அதனால் அக்கல்லுள் அலுமினியம் 26, பெரிலியம் 10 என்னும் இரு கதிரியக்கப் பொருள்கள் ஓர் அறிந்த விகிதத்தில் உண்டாகின்றன. கல் மண்ணுள் ஆழப் புதைந்துவிட்டால் கதிர் படுவது நின்றுவிடும். உண்டான இரண்டும் வெவ்வேறு விரைவில் அழியத் தொடங்கும். எஞ்சிய விகிதத்தை அளந்தால் கல் புதைந்த காலம் புலப்படும்.

15 இலட்சம் ஆண்டு என்றவுடன் தமிழர் தொன்மை அத்துணை என மகிழ்வாரும் உளர். அங்ஙனம் கொள்ளுதல் பொருந்தாது. அக்கருவிகளைச் செய்தோர் நம் இனத்தவர் அல்லர். நம் இனம் தோன்றுதற்கு முன் உலகிற் பரவிய வேறு மாந்தவினத்தார் அவர். நம் இனத்துக்குரிய மிகப் பழைய எலும்புகள் யாவும் ஆப்பிரிக்காவிலேயே கிடைத்துள்ளன. மொராக்கோவில் செபல் இருகூடு என்னுமிடத்துக் கிடைத்தவை ஏறத்தாழ 3,00,000 ஆண்டுப் பழமையின என்று 2017இல் கணிக்கப்பட்டன. எத்தியோப்பியாவில் ஓமோ ஆற்றங்கரையிற் கிடைத்தவை 2,00,000 ஆண்டுக்கும் மேற்பட்டன. இந்தியாவில் நருமதைக் கரையில் அத்னோரா என்னுமூரில் 1982இல் அருண் சொனாக்கியா கண்டெடுத்த மண்டையோடு, நம் இனத்திற்கு முற்பட்ட மாந்தர் இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்றாக நிற்கின்றது.

அத்திரம்பாக்கத்திலேயே மேலடுக்குகளில் பெருங்கோடரிகள் அருகி, திட்டமிட்டுச் செதுக்கிய சிறு கருவிகள் தோன்றுகின்றன. இம்மாற்றம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுக்கு முன் தொடங்கியது என 2018இல் அறிவிக்கப்பட்டது. கருவி மாறியதால் மக்களும் மாறினர் என்பது உறுதியன்று. எலும்பு கிடைத்தாலன்றிக் கல் மட்டும் அதனைக் கூறாது. கல்லின் குறை இஃதே: கருவி செய்யப்பட்ட காலத்தை அது காட்டும், செய்தவரை அது காட்டாது.

நம் பகுதிக்கு அண்மையிலும் கல் பேசுகின்றது. தென்பாண்டிக் கடற்கரையில் தேரி என வழங்கும் செம்மணல் மேடுகளில் நுண்கற்கருவிகள் மிகுதியாகக் கிடைக்கின்றன. இவற்றைப் பிரெடரிக்கு சாய்னரும் பிரிட்செட்டு ஆல்ச்சினும் ஆராய்ந்து 1956ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டனர். மேற்கு மலையில் தோன்றும் நீர்களை ஏற்றுக் கிழக்கே ஓடும் வைப்பாற்றின் கரையில் உள்ள வெம்பக்கோட்டையில், மாநிலத் தொல்லியல் துறை 2022 முதல் நடத்திய அகழாய்வில் சங்கு வளையல், மணி முதலியவற்றோடு நுண்கற்கருவிகளும் கிடைத்தன. திருவில்லிபுத்தூர் மலைச்சாரல் தொடங்கிக் கடற்கரை ஈறாக, வேட்டையாடியும் கிழங்ககழ்ந்தும் வாழ்ந்த மக்கள் இவ்வாற்று வழியே உலவியிருத்தல் இயல்பே.

5. சுவடியும் மரபணுவும்

நான்காம் அளவுகோலாகிய மரபணுவைத் தமிழாசிரியர்க்கு விளக்குதல் எளிது. ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் முறையை நாம் அறிவோம். ஏடெழுதுவோன் ஒருவன் ஓரிடத்தில் ஓரெழுத்தைப் பிழையாக எழுதினால், அவ்வேட்டைப் பார்த்து எழுதிய ஏடுகளெல்லாம் அப்பிழையைத் தாங்கும். எனவே, ஒரே பிழையைத் தாங்கிய ஏடுகள் ஒரே மூலத்தினின்று வந்தன என முடிவு செய்கின்றோம். உயிர்களின் உடலில் ஒவ்வோர் உயிரணுவிலும் அத்தகைய ஓர் ஏடு உண்டு. பெற்றோரிடமிருந்து மகவுக்கு அது படியெடுக்கப்படும்போது அரிதாகச் சில எழுத்துகள் மாறுகின்றன. அம்மாற்றம் வழிவழி வரும். அதனைக் குறி என்பர்.

இவ்வேட்டின் பெரும்பகுதி தந்தை தாய் இருவரிடமிருந்தும் கலந்து வருவது. இரு பகுதிகள் மட்டும் கலப்பின்றி வரும். இழைமணியில் உள்ள மரபணு தாயிடமிருந்தே வரும். ஒய் நிறப்புரி தந்தையிடமிருந்து மகனுக்கே செல்லும். கலவாமையால் இவ்விரண்டின் கிளைவழியை வரைதல் எளிதாகின்றது.

1987ஆம் ஆண்டில் இரெபெக்கா கான், மார்க்கு இசுடோன்கிங், ஆலன் வில்சன் ஆகிய மூவர் உலகின் பல பகுதியினரான 147 பேரின் இழைமணி மரபணுவை ஒப்பிட்டனர். அனைவரின் தாய்வழியும் ஏறத்தாழ 2,00,000 ஆண்டுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் சென்று சேர்ந்தது. அக்காலத்து அவள் ஒருத்தியே வாழ்ந்தாள் என்பது இதன் பொருளன்று. பிற பெண்டிர் பலர் உடன்வாழ்ந்தனர். அவர்தம் இடையறாத தாய்வழி மட்டும் எங்கேனும் மகளின்றி நின்றுபோயிற்று.

ஆப்பிரிக்காவே தாயகம் என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. நெடுங்காலம் படியெடுக்கப்பட்ட இடத்தில் பாடவேறுபாடு மிகும். பெரிய ஏட்டுத் தொகுதி ஒன்றினின்று சில சுவடிகளை மட்டும் எடுத்துச் சென்று வேற்றூரில் படியெடுத்தால், அவ்வூரில் வேறுபாடு குறைந்தே காணப்படும். மரபணு வேறுபாடு ஆப்பிரிக்க மக்களிடத்து மிகுந்தும், அங்கிருந்து தொலைவு செல்லச் செல்லக் குறைந்தும் காணப்படுகின்றது. ஆப்பிரிக்கத் தாய்வழிக் கிளைகள் பலவற்றுள் எல் 3 என்னும் ஒன்றிலிருந்து பிரிந்த எம், என் என்னும் இரு கிளைகளுள்ளேயே ஏனை உலகத்தார் அடங்குவர். இந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் எம் கிளையைச் சார்ந்தவர். ஐதராபாத்து உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்தைச் சார்ந்த குமாரசாமி தங்கராசு முதலியோர் 2005இல், அந்தமான் தீவின் ஓங்கி மக்களிடத்தும் பெரிய அந்தமானியரிடத்தும் அக்கிளையின் மிகப் பழைய பிரிவுகளைக் கண்டனர்.

மதுரைக்கு மேற்கே நிகழ்ந்த ஆய்வு நம் பகுதிக்கு மேலும் அணித்து. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் திரட்டிய குருதி மாதிரிகளை இசுபென்சர் வெல்சு முதலியோருடன் ஆராய்ந்ததில், ஆடவர் சிலரிடம் எம் 130 என்னும் ஒய் நிறப்புரிக் குறி தென்பட்டது. அம்முடிவு 2001இல் வெளிவந்த கட்டுரையில் இடம்பெற்றது. ஆத்திரேலியப் பழங்குடி ஆடவரிடையே பெருகியுள்ள கிளையும் இக்குறியினின்று கிளைத்ததே. ஆப்பிரிக்காவிலிருந்து தென்கடற்கரை வழியே ஆத்திரேலியா சென்ற பழைய பயணத்தின் அடிச்சுவடாக இதனைக் கொண்டனர்.

இச்செய்தி பரவியபோது, குறி தாங்கிய ஒருவரே முதல் இந்தியர் என்றும், அவர்தம் ஊரும் குலமும் இந்தியாவின் முதற்குடி என்றும் பேசப்பட்டன. இஃது எளிதில் நேரும் மயக்கம். தந்தையின் தந்தை வழி என்பது ஒருவருடைய முன்னோர் வழிகள் பலவற்றுள் ஒன்றே. பத்துத் தலைமுறைக்கு மேற்செல்லின் ஒருவர்க்கு முன்னோர் இடம் 1,024 ஆகின்றது. அவற்றுள் ஒய் நிறப்புரி காட்டுவது ஓரிடத்தை மட்டுமே. பழங்குறி ஒருவரிடம் இருத்தல், ஏனைய முன்னோரும் அப்பழமையினர் என்பதனைக் காட்டாது. அக்குறி இல்லாத அண்டைவீட்டார்க்கு அம்முதல் மக்கள் முன்னோர் அல்லர் என்பதனையும் காட்டாது.

6. வந்த வழி

ஆப்பிரிக்காவை விட்டு நம் இனத்தார் ஒருமுறைக்கு மேற்பட்டே வெளியேறினர். இசுரேலில் சுகூல், காப்சே என்னும் குகைகளில் ஏறத்தாழ 1,20,000 முதல் 90,000 ஆண்டுக்கு முற்பட்ட எலும்புகள் கிடைத்துள்ளன. ஆயினும் அம்முதற் பயணத்தார் இன்றைய மக்களிடத்துப் பெரிதும் தடம் விட்டுச் செல்லவில்லை. இன்று ஆப்பிரிக்காவிற்கு வெளியே வாழும் மக்கள் யாவரும், பெரும்பான்மையும், 70,000 முதல் 50,000 ஆண்டுக்கு இடையே வெளியேறிய ஒரு சிறு கூட்டத்தின் வழியினர் என்பது இன்று பெரிதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கொள்கை. அவர் வழியில் நியாண்டர்தால் மாந்தரோடு கலந்தனர். அதனால் ஆப்பிரிக்கர் அல்லாதார் மரபணுவில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு அவருடையது என்பதனை 2010இல் சுவாந்தே பாபோ குழுவினர் வெளிப்படுத்தினர். அவர்க்கு 2022இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தியாவிற்கு அவர் வந்த காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. 74,000 ஆண்டுக்கு முன் சுமத்திராவில் தோபா எரிமலை வெடித்தபோது எழுந்த சாம்பல் ஆந்திரத்துச் சுவாலாபுரத்திலும் படிந்தது. அச்சாம்பலுக்குக் கீழும் மேலும் ஒத்த கருவிகள் கிடைத்தமையை மைக்கேல் பெட்ராகிலியா குழுவினர் 2007இல் அறிவித்து, நம் இனத்தார் வெடிப்பிற்கு முன்னரே ஈண்டு இருந்தனர் என்றனர். கருவியன்றி எலும்பு கிடையாமையின் இதனை ஏலாதாரும் உளர். இலங்கையிலோ எலும்பே கிடைத்துள்ளது. பாகியான் குகையில் ஏறத்தாழ 45,000 ஆண்டுக்கு முன் வாழ்ந்தோர் மழைக்காட்டில் குரங்கையும் அணிலையும் தேர்ந்து வேட்டையாடினர் என 2019இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. இலங்கையை அடைந்தவர் தமிழகத்தைக் கடந்தே சென்றிருத்தல் வேண்டும் என்பது வெளிப்படை.

கடந்தது எவ்வாறு என்பதற்குத் திருவில்லிபுத்தூர் மலையிலேயே ஒரு சான்று துள்ளித் திரிகின்றது. சாம்பல் நிற மலையணிலுக்காக 1988ஆம் ஆண்டில் அம்மலையில் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021 முதல் அக்காடு திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாக உள்ளது. மரக்கிளையை விட்டு நிலத்தில் இறங்கவும் தயங்கும் இவ்வணில் இனம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கின்றது. இது கடலை நீந்திச் சென்றிராது. பனியூழியில் உலகநீர் பெரும்பகுதி பனியாக உறைந்து நின்றபோது கடல் தாழ்ந்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுக்கு முன் அது இன்றைய மட்டத்திற்கு 120 மீட்டர் அளவு கீழே இருந்தது. பாக்கு நீரிணை அந்நாளில் நடந்து செல்லும் நிலம். அணிலும் மாந்தரும் சென்ற வழி அதுவே.

பனி உருகியபோது அந்நிலம் மீண்டும் கடலுள் மறைந்தது. குமரிமுனையை ஒட்டிய கரைநிலமும் ஒரு பகுதி மூழ்கியது. கடல்கோள் பற்றிய நம் உரைச்செய்திக்கு உண்மையின் கூறு உண்டாயின், அஃது இத்தகைய கரைநில இழப்பாகவோ பிற்காலத்து ஆழிப்பேரலையாகவோ இருத்தல் கூடும். கண்டம் ஒன்று மறைந்தது என்றோ, மாந்தரினம் ஆண்டுத் தோன்றியது என்றோ கொள்ள இடமில்லை.

7. பளியரும் பழமையும்

இனி, முன்னுரையிற் சுட்டிய மலைச்சாரலுக்குத் திரும்புவோம். திருவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பு, இராசபாளையத்தை அடுத்த அய்யனார் கோவில் முதலிய அடிவாரங்களில் பளியர் குடியிருப்புகள் உள்ளன. காட்டு வள்ளிக்கிழங்கு அகழ்தலும் தேன் எடுத்தலும் அவர்தம் பழந்தொழில்கள். எட்கார் தர்சுட்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளில் அவரைக் குறித்துள்ளார். அமெரிக்க மானிடவியலார் பீட்டர் கார்டினர் 1962 முதல் 1964 வரை அவரிடையே தங்கி ஆராய்ந்தார். ஒருவரையொருவர் போட்டியிட்டு வெல்லாமையும், பூசல் நேர்ந்தவிடத்து எதிர்த்து நில்லாது விலகிச் செல்லுதலும், இளையோரையும் சமமாக மதித்தலும் அவர் கண்ட சிறப்பியல்புகள்.

இவர் வாழ்க்கையைக் கண்டு, கற்கால மாந்தர் மாறாது நிற்கின்றனர் என்று எழுதுவார் பலர். இது பெரும்பிழை. கார்டினரே காட்டியவாறு, பளியர் காட்டு வாழ்வையும் சமவெளிக் கூலிவேலையையும் மாறி மாறி மேற்கொள்ள வல்லவர். தேன் முதலிய மலைபடு பொருள்களைக் கொடுத்துச் சமவெளிப் பொருள்களைக் கொள்ளும் வாணிகமும் அவர்க்கு உண்டு. நாம் கடந்த காலம் அனைத்தையும் அவரும் கடந்தே வந்துள்ளனர். அவர் நம் முன்னோர் அல்லர். நம்மோடு ஒருகாலத்து வாழ்பவர்.

மரபணுவும் இதனையே வலியுறுத்துகின்றது. 2019இல் வெளிவந்த பேராய்வு ஒன்று, இன்றைய இந்தியர் பெரும்பாலார் மூன்று பழங்கூறுகளின் கலப்பு என்று காட்டியது: முதன்முதல் வந்த மக்கள், ஈரானியப் பகுதி மக்களோடு உறவுடைய மற்றொரு கூட்டத்தார், பிற்காலத்து வடமேற்குப் புல்வெளியினின்று வந்தோர். கூறுகளின் அளவு குடிதோறும் வேறுபடும். முதற்கூறு மலைக்குடிகளில் மிக்கும் பிறரிடம் குறைந்தும் இருப்பினும், முற்றும் இல்லாதார் அரியர். பிச்சப்பன் முதலியோர் தமிழகத்தின் 12 பழங்குடிகளையும் 19 பிற குடிகளையும் சார்ந்த 1,680 ஆடவரை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட கட்டுரை, குடிகளுக்கிடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் அவரவர் வாழ்க்கைத் தொழிலோடு தொடர்புடையது என்றும், அது வேளாண்மை பரவிய காலத்தை ஒட்டி அமைந்தது என்றும் கூறியது. மலையில் நின்றவரும் வயலுக்கு இறங்கியவரும் பழமையில் ஓரடி மண்ணிற் கிளைத்தவரே.

இவ்வாராய்ச்சியால் பளியர்க்குத் தீங்கு விளையுமோ என ஐயுறலாம். முதற்குடி என்னும் பெயர் போனால் காட்டின்மீது அவர்க்குள்ள உரிமையும் போமோ எனின், போகாது. 2006ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வனவுரிமைச் சட்டம் அறுபதாயிரம் ஆண்டுப் பழமையை எவரிடமும் கேட்கவில்லை. அட்டவணைப் பழங்குடியினர் 2005 திசம்பர் 13ஆம் நாளுக்கு முன் காட்டுநிலத்தில் வாழ்ந்தமையையே அது கேட்கின்றது. வாழ்ந்த வாழ்வே உரிமைக்கு அடிப்படை என்பது இச்சட்டத்தின் கருத்து. அதுவே அறத்தின் கருத்துமாகும். முதன்மையை உரிமைக்கு ஆதாரமாக நாட்டுவோமாயின், நாளை வேறொரு எலும்போ குறியோ கிடைத்து அம்முதன்மை சாயும்போது உரிமையும் சாய நேரும். மெலியார் உரிமையை அத்தகைய நிலையில்லாத் தூணின்மீது ஏற்றுதல் அவர்க்கு நன்மை செய்வதாகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். மாந்தரினத்தின் தாயகம் ஆப்பிரிக்கா. குமரிக்கண்டத்தை அத்தாயகமாகக் கொள்ளுதற்கு நம் பழைய உரைகளிலும் சான்றில்லை, நிலவியலிலும் சான்றில்லை. தமிழின் தொன்மைக்கு எழுத்தும் மொழியுமே தக்க அளவுகோல்கள். அவை காட்டும் தொன்மை நமக்குப் போதிய பெருமை தருவது. 15 இலட்சம் ஆண்டுக் கற்கோடரியையோ ஒரு குருதிக் குறியையோ அதனோடு சேர்த்து எண்ணுதல் அப்பெருமையைக் கூட்டாது, ஐயத்திற்கே இடமாக்கும்.

இராசபாளையத்து இராசுக்கள் சில நூற்றாண்டுக்கு முன் வந்தனர். பளியர்க்கும் பிற தமிழர்க்கும் பொதுவான முன்னோருட் சிலர் பல பதினாயிரம் ஆண்டுக்கு முன் வந்தனர். அவ்விரு வருகைக்கும் இடையே வேறு பலர் வந்து கலந்தனர். இம்மலையடிவாரத்தில் மண்ணினின்று முளைத்தவர் ஒருவரும் இலர். வந்தேறியவர் என்று ஒருவரைச் சுட்டும் விரல் எவருடையதாயினும், அவ்விரலுக்குரியாரும் ஒருநாள் நடந்து வந்தவரே. மாணவர்க்குப் பழமையைக் கற்பிக்கும் பொறுப்புடைய நாம், எந்தச் சான்று எத்துணை ஆழம் எட்டும் என்பதனை முதற்கண் கற்பிப்போமாக. அங்ஙனம் கற்ற மாணவன், தன் அண்டைவீட்டாரை அயலார் என்று கூறுதற்கு முன் ஒருமுறை எண்ணிப் பார்ப்பான்.